தூங்குமூஞ்சி மரமும் இரண்டரை மணி நேரப் பிழையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் செம்பவாங் வட்டாரத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பேட்டை ஒன்றில், இரண்டு புளோக்குகளுக்கும் ஒரு திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தைப் பற்றிய பதிவு இது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளந்தபோது அடிமரச் சுற்றளவு 4.7 மீட்டர். உயரம் ஏறத்தாழ 19 மீட்டர், குடை விரிந்திருந்த அகலம் 28 மீட்டர். பெரிய கிளைகளில் பறவைக்கூட்டுப் பெரணிகளும் புறா ஆர்க்கிட்டுகளும் தொற்றியிருந்தன.

'200 வருஷத்து மரம்' என்று பேட்டையில் சொல்வார்கள். அதற்கு வழியில்லை. தூங்குமூஞ்சி அமெரிக்க வெப்பமண்டலத்து மரம். சிங்கப்பூருக்கு வந்ததே 1876இல்தான். பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் சிலர் அங்கே இன்னும் வசிக்கிறார்கள். தாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே அது பெரிய மரம் என்பது அவர்கள் சொல். அதற்குமேல் வயதைத் துல்லியமாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

பாதுகாக்க வேண்டிய முதிர்ந்த மரங்களைப் பதியும் மரபுடைமை மரங்களின் பட்டியலிலும் அது இல்லை. 2001இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பொதுவாக 5 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரங்களையே பரிசீலிப்பார்கள். 30 சென்டிமீட்டர் குறைந்தாலும் குறைவுதான் என்று யாரும் முன்மொழியவில்லை.

பக்கத்தில் கூரையிட்ட நடைபாதை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும், குடியிருப்பாளர்கள் மூவர் மரத்தை ஓராண்டுக்குப் படமெடுத்து வைக்க முடிவு செய்தனர். ஒருவர் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெண்மணி. இன்னொருவர் விநியோக வேன் ஓட்டுநர், மூன்றாமவர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர். வேலை ஜூலையில் தொடங்கியது.

படமெடுக்கும் திட்டம்

முதலில் ஆளில்லா வானூர்தியைப் பற்றி யோசித்தார்கள். பேட்டை ஆகாயப்படைத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருப்பதால் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார்கள். நல்லதாகவே போயிற்று, நான்காம் மாடி நடைக்கூடம் அதைவிடப் பொருத்தமான இடம்.

காரணம் எளிய கணக்கு. கீழே நின்று கேமராவை மட்டமாகப் பிடித்தால் 19 மீட்டர் மரத்தின் உச்சி சட்டத்துக்குள் வராது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் அடிமரம் பருத்தும் உச்சி சிறுத்தும் தெரியும். பக்கத்துப் புளோக் பின்னால் சாயும். நான்காம் மாடியில் கைப்பிடிச் சுவருக்கு மேல் கேமராவை வைத்தால் அது தரையிலிருந்து சுமார் 10.5 மீட்டரில், மரத்தின் பாதி உயரத்துக்குச் சற்று மேலே இருக்கும். 30 மீட்டர் தூரத்திலிருந்து, 36 × 24 மி.மீ. உணரி கொண்ட முழுச்சட்டக் கேமராவில் 28 மி.மீ. லென்ஸ் குறுக்கே 38 மீட்டரையும் நெடுக்கே 25 மீட்டருக்கு மேலும் காட்டும். சாய்க்காமலே முழு மரமும் அடங்கிவிடும். 35 மி.மீ. போட்டால் குறுக்கே 31 மீட்டர்தான். குடை அடங்கும், ஆனால் ஓரத்தில் மிச்சமே இராது.

தேர்ந்தெடுத்த இடங்கள் நான்கு: நான்காம் மாடி நடைக்கூடம், சாலையோரப் பேருந்து நிறுத்தம், கார் நிறுத்துமிடத்தின் ஒரு கட்டம், அடிமரத்தருகே நேராக மேல்நோக்கி ஒன்று. தரையில் பெயின்ட் அடிக்க முடியாது என்பதால் அங்கே இருந்தவற்றையே அடையாளமாக்கினார்கள். கார் கட்டத்தின் வெள்ளைக்கோடு முடியும் மூலை ஒன்று. நடைக்கூடத்தில் ஒரு தூணின் விளிம்பும் எதிர்ப் புளோக்கின் படிக்கட்டு ஓரமும் ஒரே கோட்டில் வருமிடம் இன்னொன்று. முதல் படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சட்டத்தைப் பொருத்தினார்கள். லென்ஸ் துளையளவு எஃப்/8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100 முதல் 400 வரை, இலை அசைவு பதியாமலிருக்க 1/125 விநாடி அல்லது அதைவிட வேகம். குடைக்கடியில் நிழலுக்கும் வானத்துக்கும் வெளிச்ச வேறுபாடு அதிகம் என்பதால் ஒளியளவை இரண்டு நிறுத்தம் (ஸ்டாப்) கூட்டியும் குறைத்தும் மூன்று படங்கள், கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பாக.

குளிரூட்டிய வீட்டிலிருந்து கேமராவை நேரே நடைக்கூடத்துக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் கண்ணாடி பனித்துவிடும். துடைத்தால் மறுபடி பனிக்கும். பைக்குள்ளேயே மூடியபடி 20 நிமிடம் வெளியே வைத்திருந்து பிறகு திறப்பதே வழி. முதல் மாதத்தில் இரண்டு வாரப் படங்கள் இதனால் வீணாயின.

மாதம் இருமுறை, பிற்பகல் 4 மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. கேமராக்களின் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

முதல் ஆறு மாதம்

நான்காம் மாடிப் படங்கள் தவறாமல் வந்தன, ஓட்டுநர் அதே மாடிக்காரர் என்பதால். கார் நிறுத்துமிடத்தில் அந்தக் கட்டத்தை ஏதாவது லாரி அடைத்துக்கொண்டிருக்கும். மூன்றில் ஒரு முறை வாய்த்தது. மேல்நோக்கிய படங்கள் அழகாக வந்ததால் தேவைக்கு அதிகமாகவே எடுத்துக் குவித்தார்கள்.

பேருந்து நிறுத்தத்துப் படங்கள் அக்டோபரோடு நின்றுபோயின. விளக்குக்கம்பம் மரத்தைக் குறுக்கே வெட்டுகிறது, பச்சைக் குப்பைத்தொட்டி முன்னால் நிற்கிறது, விளம்பரப் பலகை வேறு. 'அங்கேருந்து எடுத்தா மரமே தெரியல' என்பது மாணவரின் குறை. மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அப்போது கையிலிருந்தவை அந்த இடத்துப் படங்கள் மூன்று மட்டுமே.

நவம்பரில் ஒரு கனமழைக்குப் பின் புறா ஆர்க்கிட் பூத்தது நல்லபடி பதிவானது. மழையால் வெப்பநிலை சட்டென்று இறங்கினால் அதிலிருந்து ஏறக்குறைய 9 நாளில் அந்தச் செடிகள் ஒன்றுபோல் பூக்கும். பூ ஒரு நாளைக்குத்தான். நாட்காட்டியில் எண்ணி வைத்து, ஒன்பதாம் நாள் காலையில் போய் எடுத்தார்கள். இந்த அளவு கவனம் தூருக்குக் கிடைக்கவில்லை.

சாலைப்பக்கத்துத் தூரின் அருகே பூக்கட்டும் மூதாட்டி ஒருவர் காலையில் நீல நிற பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்காருவார். அவரை எடுத்த படங்களில்தான் மரத்தின் அந்தப் பக்கத்து அடிப்பகுதி இருக்கிறது. வேறு எந்தப் படத்திலும் இல்லை.

பிப்ரவரி: 'தழை குறையுது'

பிப்ரவரி நடுவில் மாணவர் நான்காம் மாடிப் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தார். ஆகஸ்ட் படத்தில் குடை அடர்த்தியாக, பின்னாலுள்ள புளோக்கை ஏறக்குறைய முழுதும் மறைத்தது. பிப்ரவரிப் படத்தில் கிளைகளுக்கு ஊடே எதிர்ப் புளோக்கின் நடைக்கூடங்கள் மூன்று தளத்துக்குத் தெரிந்தன. கோப்பிலுள்ள நேரம் ஆகஸ்டில் மாலை 4:02, பிப்ரவரியில் 4:20. ஒரே இடம், ஒரே லென்ஸ், நேரமும் ஏறக்குறைய ஒன்றே. தழை பாதியாகிவிட்டது என்று முடிவுகட்டினார்கள்.

இரண்டாவது படம் எடுத்த உண்மையான நேரம் மாலை 6:50. ஓட்டுநர் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது தம் கேமராவின் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றியிருந்தார். திரும்பி வந்து மாற்றவில்லை. இந்திய நேரம் சிங்கப்பூருக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அன்று வேலை முடியத் தாமதமாகி, வீட்டுக்கு வந்ததும் எடுத்த படம் அது. மேகமூட்டத்தால் நிழலும் விழவில்லை, வெளிச்சத்தை வைத்துச் சந்தேகிக்க இடமில்லாமல் போயிற்று.

தூங்குமூஞ்சியின் பெயரே இங்கே விடை. அந்தி சாயும்போது அதன் சிற்றிலைகள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிக்கொள்ளும். மலாய்க்காரர்கள் இதை 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி மரம், என்பார்கள். மடங்கிய பின் குடை வலை போலத் தெரியும், வானம் ஒழுகும். மழைக்கு முன் வானம் இருண்டாலும் இதேதான் நடக்கும். அந்தி வெளிச்சம் அழகு என்று இந்த மரத்தை மாலையில் எடுப்பவர்கள் எல்லாரும் தூங்கும் மரத்தைத்தான் எடுக்கிறார்கள்.

சொல்வதா, வேண்டாமா

மரத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நம்பியும் அவர்கள் உடனே யாரிடமும் சொல்லவில்லை. 'சொன்னா வெட்டிடுவாங்க ஆன்ட்டி, இருக்கிற வரைக்கும் இருக்கட்டுமே' என்று மாணவர் அனுப்பிய செய்தி இன்னும் அவர்கள் குழுவில் இருக்கிறது. ஓட்டுநரும் அதே கருத்து. பதினெட்டு நாள் இப்படியே போயிற்று.

பெண்மணிதான் பேச்சை முடித்தார். 2017 பிப்ரவரியில் பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) 40 மீட்டர் உயரத் தெம்புசு மரம் ஒன்று விழுந்து ஒருவர் இறந்ததையும் நால்வர் காயமடைந்ததையும் நினைவுபடுத்தினார். 'அந்தப் பாட்டி தெனமும் அங்கதான்பா உக்காந்திருக்காங்க.' மார்ச் முதல் வாரத்தில், வட்டாரப் புகார்களுக்கான ஒன்சர்வீஸ் செயலி வழியே, இரண்டு படங்களையும் இணைத்துப் புகார் போனது.

தயக்கம் புரிகிறது. ஒரு மரத்தை மாதக்கணக்கில் பார்ப்பவர்களுக்கு அது சொந்தமாகிவிடும். ஆனாலும் அந்தப் பதினெட்டு நாளை நியாயப்படுத்த எதுவும் இல்லை. மரத்தின் கதியைப் படமெடுப்பவர் தீர்மானிக்கப் போவதில்லை. கண்டதைச் சொல்வதுதான் அவர் கையில் இருக்கிறது.

ஆய்வும் தூரில் கண்டதும்

மர வல்லுநர் ஒருவர் காலை 11 மணிக்கு வந்தார். குடை நன்றாகவே இருந்தது. இணைத்திருந்த பிப்ரவரிப் படத்தைப் பெரிதாக்கி, எதிர்ப் புளோக்கின் நடைக்கூட விளக்குகள் எரிவதைக் காட்டினார். நான்கு மணிக்கு எந்தப் புளோக்கில் விளக்கு எரிகிறது? மூவரும் அதுவரை நூறு முறை பார்த்த படம் அது.

புகார் அத்தோடு முடிந்திருக்கும். கிளம்புமுன் அவர் அடிமரத்தைச் சுற்றி வந்தார். சாலைப்பக்கத்தில் இட்லிப்பூச் செடிகள் முழங்காலளவு அடர்ந்திருந்தன. அவற்றின் மேலிலைகளில் பழுப்பு நிறப் பொடி படிந்திருந்தது. விலக்கிப் பார்த்தால் வேர் புறப்படும் இடத்தில் தட்டுக் காளான்கள் மூன்று, பெரியது சாப்பாட்டுத் தட்டின் அகலம்: மேலே செம்பழுப்பாக வார்னிஷ் பூசியது போன்ற மினுக்கம், ஓரமும் அடிப்பக்கமும் வெள்ளை. கானோடெர்மா வகை. வேரையும் அடிமரத்தையும் உள்ளிருந்து அரிக்கும் பூஞ்சை அது. பழுப்புப் பொடி அதன் வித்துகள்.

பக்கத்திலிருந்த மூதாட்டியிடம் எத்தனை நாளாக இந்தப் பொடி என்று கேட்டார்கள். 'மைலோ கொட்டுன மாதிரி இருக்கும்யா. தெனமும் முக்காலியத் தொடைச்சிட்டுத்தான் உக்காருவேன்.' பழைய படங்களைத் தேடியபோது நவம்பரில் எடுத்த ஒன்றில் எல்லாமே இருந்தன: மடியில் மல்லிகைச் சரம், முக்காலியின் காலருகே பழுப்பேறிய துணி, பின்னால் இலைகளுக்கு நடுவே காளானின் வெள்ளை விளிம்பு. நான்கு மாதத்துக்கு முந்தைய படம்.

அடிமரத்தைச் சம்மட்டியால் தட்டியபோது சாலைப்பக்கத்தில் ஒலி மாறியது. அடுத்த வாரம் ஒலி டோமோகிராபி செய்தார்கள். அடிமரத்தைச் சுற்றி உணர்கருவிகளைப் பொருத்தி, ஒவ்வொன்றாகத் தட்டி, ஒலி மறுபக்கம் சேரும் நேரத்தை அளக்கும் முறை. உளுத்த கட்டையில் ஒலி மெதுவாகவோ சுற்றியோ போகும். பெரிய வேர்கள் இரண்டில் உளுப்பு என்று தெரிந்தது. குடை பசுமையாக இருந்ததில் முரண் ஒன்றுமில்லை. மிச்ச வேர்கள் நீரும் சத்தும் அனுப்பிக்கொண்டிருக்கும் வரை இலைகளில் குறை தெரியாது. மரத்தைத் தாங்கிப் பிடிப்பதுதான் முதலில் போகும்.

எடுத்த முடிவுகள் மூன்று. குடைக்கடியில் வேலி. கார் கட்டங்கள் இரண்டை மூடுவது. காற்று பிடிக்கும் பாரத்தைக் குறைக்க நுனிக்கிளைகளை வெட்டி, குடையில் ஐந்தில் ஒரு பங்கை எடுப்பது. மூன்று மாதம் கழித்து மறுஆய்வு, அதன்பின் அகற்றுவதா என்ற முடிவு. மூதாட்டியின் முக்காலி புளோக் கீழ்த்தளத்துக்கு இடம் மாறியது. அவருக்கு அதில் கோபம்தான்.

கிளை வெட்டுவதற்கு முன் ஐந்து நாள் கிடைத்தது. அதை மூவரும் சரியாகப் பயன்படுத்தினார்கள். பிற்பகல் 1 மணிக்கு, வெண்மேகம் பரவி நிழல் விழாத ஒரு நாளில், கைவிட்ட பேருந்து நிறுத்தம் தவிர மற்ற மூன்று இடங்களிலும் எடுத்தார்கள். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கல்ல, ஏறத்தாழ 1:05க்கு. இலைகள் முழுதாய் விரிந்திருக்கும் நேரம் அது. அடிமரத்தின் கீழ் 3 மீட்டரை வேலிக்கு வெளியிலிருந்து, 10 டிகிரிக்கு ஒன்றாக ஒரு சுற்றுக்கு 36 படம், இரண்டு உயரங்களில் எடுத்து, 1 மீட்டர் அளவுகோலைப் பக்கத்தில் நிறுத்தி முப்பரிமாண மாதிரி செய்தார்கள். அடுத்தடுத்த படங்கள் முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இல்லாவிட்டால் மென்பொருள் மாதிரியில் ஓட்டை விழும். குடையை இப்படிச் செய்ய முடியாது, இலை அசைந்துகொண்டே இருக்கும்.

மே மாதக் காற்று

மே மூன்றாம் வாரத்தில் விடிவதற்கு முன் சுமத்ரா புயல்காற்று. இரவில் சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் திரளும் இடிமழை வரிசை கிழக்கே நகர்ந்து, விடியலுக்கு முன்போ காலையிலோ தீவைக் கடக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இது வழக்கம். காற்று பொதுவாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். 1984 ஏப்ரல் 25இல் தெங்காவில் 144.4 கிலோமீட்டர் வரை பதிவானதுண்டு. அன்றைய காற்று வழக்கமான அளவுதான். முந்தைய இரண்டு நாள் மழையில் மண் ஊறியிருந்தது. மரம் அதிகாலை 5:40 வாக்கில் சாலைக்கு எதிர்ப்பக்கமாக, வேரோடு சாய்ந்தது.

யாருக்கும் அடிபடவில்லை. மூடிய கட்டங்கள் இரண்டின்மேல் பெருங்கிளை விழுந்தது. வேலியோரம் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று நசுங்கியது.

வெட்டும் பணியாளர்கள் 7:30க்கு வந்தார்கள். 11 மணிக்குள் இடம் துப்புரவாகிவிட்டது. மழை, தடுப்பு நாடா, சங்கிலி ரம்பங்கள். படமெடுக்கக் கிடைத்தது மூன்றரை மணி நேரம். விழுந்த குடையின் பரப்பையும் வெறிச்சோடிய வானத்தையும் எடுப்பதில் முதல் ஒன்றரை மணி நேரம் போயிற்று. வேரும் மண்ணுமாகப் பெயர்ந்து நின்ற வேர்த்தட்டை எடுக்க நாடாவுக்கு வெளியே சரியான இடம் கண்டுபிடித்தபோது பாதியை அறுத்துவிட்டிருந்தார்கள். சாலைப்பக்கத்து வேர்கள் நீளமாகப் பிடுங்கிக்கொண்டு வரவில்லை, அடியிலேயே மொட்டையாக ஒடிந்திருந்தன. முறிவில் கட்டை வெளிறி, பஞ்சு போலக் கிடந்தது. இதைக் காட்டும் தெளிவான படங்கள் இரண்டு, இரண்டிலும் அளவுகோல் இல்லை.

வெட்டிய துண்டின் வளையங்களை எண்ணி வயது சொல்ல முடியாதா என்று பலர் கேட்டார்கள். பருவகாலம் தெளிவாகப் பிரியாத இந்தத் தட்பவெப்பத்தில் ஆண்டுக்கொரு வளையம் என்ற கணக்கு நிற்காது.

அதற்குப் பின்

ஜூலையில் புளோக் கீழ்த்தளத்தில் 14 படங்களை வைத்தார்கள். புறா ஆர்க்கிட் படத்தைப் பார்த்து 'இது நம்ம மரமா?' என்றார்கள் பலர். மேல்நோக்கிய படங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். கூட்டம் நின்றது பேருந்து நிறுத்தத்துப் படத்தின் முன்னால்தான், விளக்குக்கம்பமும் பச்சைக் குப்பைத்தொட்டியுமாக. வேலைக்குப் போகும்போதும் பள்ளிக்குப் போகும்போதும் அவர்கள் பார்த்தது அந்த மரத்தைத்தான். பிரதி கேட்டவர்களில் பெரும்பாலோர் கேட்டது அதை. கையிலிருந்த மூன்றில் ஒன்றில் பேருந்து மறைக்கிறது, இன்னொன்று லென்ஸ் பனித்த படம்.

அப்புறம் குடியிருப்பாளர்களின் பழைய படங்களைக் கேட்டு வாங்கினார்கள்: கல்யாணம், பிறந்தநாள், முதல் சைக்கிள். அவற்றில் மரம் ஓரத்தில் எங்கேயோ இருக்கிறது. ஆனால் பின்னாலிருக்கும் மின்பெட்டியின் அகலம் தெரிந்தால், மரமும் அதுவும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும் படங்களில் அடிமரத்தின் விட்டத்தைக் கணக்கிடலாம். நான்கு படங்களுக்கு அது முடிந்தது.

மறுபடி செய்தால்

கடிகாரம் முதலில். ஒவ்வொரு முறையும் முதல் படமாகக் கைப்பேசித் திரையின் நேரத்தையே கேமராவில் எடுத்துவிட்டால் போதும், எந்தக் கேமராவின் பிழையையும் பிறகு கழித்துக்கொள்ளலாம். தூங்குமூஞ்சிக்கு நேரம் காலை 10 முதல் பிற்பகல் 3 வரை. மழை இருட்டு இருக்கக் கூடாது.

வெளிச்சத்தின் திசையும் மாதத்துக்கு மாதம் மாறும். வடக்கு நோக்கிய நான்காம் மாடிப் படத்தில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் மரத்துக்குப் பின்னாலும், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை கேமராவுக்குப் பின்னாலும் இருக்கும். குடையின் அடர்த்தியை ஒப்பிட வேண்டுமென்றால் வெண்மேக நாட்களை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தூரைச் சுற்றி எட்டுத் திசையிலும் மாதம் ஒரு படம், செடிகளை விலக்கி, அளவுகோலோடு. பத்து நிமிட வேலை. காளான், பழுப்புப் பொடி, புது வெடிப்பு, மண் எழும்புதல் என எதைக் கண்டாலும் அன்றே தெரிவிப்பது, காரணம் ஆராயாமல். அழகில்லை என்று எந்த இடத்தையும் கைவிடுவதில்லை. மரம் விழுந்த நாளுக்கும் ஒரு வரிசை வேண்டும்: வேர்த்தட்டு முதலில், முறிவுகள் அடுத்து, கடைசியாகத்தான் அகலப் படங்கள்.

மொத்தம் 412 கோப்புகள். இந்திய நேரத்தில் பதிவான 37 கோப்புகளுக்கு இரண்டரை மணி நேரம் கூட்டிப் பெயர் மாற்றியாகிவிட்டது. பிப்ரவரிப் படத்தின் குறிப்பில் இப்போது மாலை 6:50, இலை மடங்கிய நிலை என்று இருக்கிறது. பதினொரு படங்களை எந்தக் கேமராவில் எடுத்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல மூவராலும் முடியவில்லை. அவற்றுக்கு எதிரே 'நேரம் தெரியாது' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.